காதைக் கொடு, அப்பன் பேரைச் சொல்றேன்

வாடா பேராண்டி. பசியாறிட்டியா? பாட்டி ரொட்டி சுட்டு மூடி வச்சிருக்கா, தின்னுட்டு வந்து இந்த ரம்புத்தான் மரத்தடியில உட்காரு. கையில என்ன அது, குட்டிக் குட்டிக் குப்பியா ஒரு பெட்டி? மூட்டுவலிக்கு ஏதோ தைலம் வாங்கிட்டு வந்திருக்கேன்னு சந்தோஷப்பட்டுட்டேன். இல்லையா? ஆட்டுக் காதுல ஒரு பொட்டு சதையை நறுக்கி இதுல போட்டு அனுப்பினா, எந்தக் குட்டிக்கு எவ ஆத்தா, எவன் அப்பன்னு எழுதி அனுப்பிடுவாங்களா? டிஎன்ஏவா? சரி, சரி. இருக்கறது பதினாலு தாயாடு, பதினேழு குட்டி, செம்பனை மரத்துக்கடியில தகரம் போட்ட ஒரு பட்டி. இதுக்கு வம்சாவளி எழுதணும். எழுத வேண்டியதுதான். ராஜ பரம்பரை, நாளைக்கு பட்டாபிஷேகம் பண்ணும்போது தகராறு வரக்கூடாதுல்ல.

கோவிச்சுக்காதே. நான் சிரிச்சா எனக்குப் புரியலைன்னு அர்த்தமில்லை. நீ ராத்திரி ராத்திரி கைப்பேசியில ஸ்காட்லாந்து மலையில ஆடு மேயறதைப் பார்க்கிறே, பக்கத்துல படுத்துக்கிட்டு நானும்தானே பார்க்கிறேன். பனியில நனைஞ்ச புல்லு, கறுப்பு முகத்து ஆடு, கோலூன்றிக்கிட்டு ஒருத்தன், கூடவே மனுஷனைவிடப் புத்தியுள்ள ஒரு நாய். அதைப் பார்த்துட்டு விடிஞ்சதும் பினாங்கு ஜுருவுல எழுந்திரிச்சு, நாமளும் மலையாட்டுக்காரன்தான்னு நினைச்சுக்கிட்டே. நமக்கும் ஒரு மலை இருக்குதான். புக்கிட் ஜுரு. மூச்சுப் பிடிச்சு ஏறினா வெற்றிலை போட்டு முடிக்கறதுக்குள்ள உச்சி வந்துடும். மேலே நின்னு பார்த்தா ஸ்காட்லாந்து தெரியாது, நெடுஞ்சாலையும் ஜுரு டோலும்தான் தெரியும்.

அந்த மலைக்காரங்களுக்கு இந்தக் குப்பி எதுக்குத் தேவைப்பட்டுதுன்னு முதல்ல கேளு. அவன் ஆடு குட்டி போடறது கொட்டகையில இல்லை. வெட்டவெளி மலைச்சரிவுல, பாறை இடுக்குல, மழையில போடும். எந்தக் குட்டி எந்தத் தாயோடதுன்னு எழுதணும்னா, பிறந்த சில மணி நேரத்துக்குள்ள மேய்ப்பன் அங்கே போயி, குட்டியைப் பிடிச்சுக் காதுல வில்லை மாட்டணும். அவன் கிட்டே போனா என்ன ஆகும்? தாய் மிரண்டு ஓடும். முதல் ஈத்து ஆடா இருந்தா திரும்பி வராமலேயே போயிடும். ஈரம் காயாத குட்டி குளிர்ல விறைச்சுப் போகும். ஆத்தா பேரை எழுதப் போயி ஆத்தாவையே இல்லாம ஆக்கின கதை.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. குட்டி போடற நேரம் நெருங்கின சில ஆட்டுக்கு, தன் வயித்துல இருக்கறது வர்றதுக்கு முந்தியே தாய்ப்பாசம் வந்துடும். பக்கத்துல இன்னொருத்தி போட்ட குட்டியை நக்கி, தன் குட்டியா ஆக்கிக்கும். மேய்ப்பன் தூரத்துல நின்னு பார்த்துட்டு, மடி முட்டறதை வச்சு, இது இவளோட குட்டின்னு நோட்டுல எழுதிடுவான். எழுத்து சுத்தமா இருக்கும். விஷயம் பொய்யா இருக்கும்.

அப்பன் விஷயம் இன்னும் மோசம். ஒரே மலையில அஞ்சாறு கிடாவைச் சேர்த்து விட்டா, எவன் எவளோட போனான்னு காத்துக்குத்தான் தெரியும். அதுக்கு அந்த ஊர்க்காரங்க ஒரு தந்திரம் வச்சிருந்தாங்க. கிடாவோட நெஞ்சுல காவி மாதிரி சாயக்கட்டியைக் கட்டி விடறது. அது ஏறின ஆட்டோட முதுகுல சாயம் ஒட்டிக்கும். ஆடு பதினேழு நாளுக்கு ஒருதரம் பருவத்துக்கு வரும், அதனால பதினேழு நாளுக்கு ஒருதரம் சாயத்தோட நிறத்தை மாத்துவாங்க. நம்ம ஊர்ல மஞ்சத்தண்ணி ஊத்தறது மாதிரி. நல்ல யோசனைதான். ஆனா ரெண்டு நிறமும் ஒரே முதுகுல இருந்தா? அப்பத்தான் மேய்ப்பன் தலையைச் சொறிவான்.

இந்தக் குப்பி வந்ததும் அந்தக் கவலை விட்டுது. குட்டி போடும்போது யாரும் மலை ஏற வேண்டாம். ரெண்டு மூணு மாசம் கழிச்சு, எப்படியும் எல்லாத்தையும் ஓட்டிக்கிட்டு வந்து பட்டியில அடைப்பாங்க பாரு, அப்போ ஒரே நசுக்குல காதுல வில்லையும் மாட்டி, சதைப்பொட்டையும் குப்பிக்குள்ள தள்ளிடறாங்க. வேலை முடிஞ்சுது. ஆத்தா, அப்பன் ரெண்டு பேரையும் ஆய்வுக்கூடம் சொல்லிடும்.

எப்படிச் சொல்லும்னு உனக்குத் தெரியுமா? பினாங்குத் தீவுல பெரிய தொழிற்சாலையில எஞ்சினியர், தினமும் இருபத்து நாலு கிலோமீட்டர் ரெண்டாவது பாலத்துல ஓடறே, ஆனா கேட்டா 'மேட்சிங் தாத்தா, மேட்சிங்'ங்கிறே. நான் சொல்றேன், சீட்டுக்கட்டை வச்சுக்கோ. ஒவ்வொரு ஆட்டுக்கிட்டேயும் நூறு, நூத்தம்பது இடத்துல ரெண்டு ரெண்டு சீட்டு. குட்டிக்குக் கொடுக்கும்போது ஆத்தா ஒண்ணு, அப்பன் ஒண்ணு. குட்டி கையில உள்ள சீட்டுல ஆத்தா கொடுத்ததை எடுத்துட்டா, மிச்சம் உள்ளது அப்பன் கையில இருந்தாகணும். இல்லையா? நீ அப்பன் இல்லை, அடுத்தவன் வா. இப்படித்தான் ஒவ்வொருத்தனா விலக்கிக்கிட்டே வர்றாங்க. விலக்க முடியாம நிக்கறவன் அப்பன். கவனிச்சியா, அது அப்பனைத் தேடிப் பிடிக்கறதில்லை. வரிசையில நிக்கறவங்கள்ல அப்பன் இல்லாதவங்களை வெளியே அனுப்புது. இந்த ஒரு விஷயத்தைத் துண்டு முனையில முடிஞ்சு வச்சுக்கோ. பின்னால அவிழ்க்க வேண்டியிருக்கும்.

காதை நறுக்கறது ஒண்ணும் புதுசு இல்லைடா. என் தாத்தா மேச்சேரிப் பக்கம் செம்மறி மேய்ச்சவர். மேச்சேரின்னா சேலம் ஜில்லா, ஆட்டுக்கே அந்த ஊர் பேருதான். அங்கேயும் காதை நறுக்குவாங்க. வலது காது நுனியில ஒரு வெட்டு, இடது காது ஓரத்துல ரெண்டு வெட்டு, குடும்பத்துக்குக் குடும்பம் வேற. நாலு பட்டி ஆடு ஒரே காட்டுல கலந்து கிடை போட்டாலும் விடியக்காலையில காதைப் பார்த்துப் பிரிச்சுக்குவாங்க. அந்தக் காது வெட்டு ஆடு யாருதுன்னு மட்டும் சொல்லிச்சு. உன் காது வெட்டு ஆட்டுக்கு அப்பன் யாருன்னும் சொல்லுது. உடைமைக்காரன் பேரு போயி தகப்பன் பேரு வந்திருக்கு, நல்லதுதான். ஆனா தாத்தாவுக்கு அந்த அப்பன் பேரும் தெரியும். நானூறு ஆட்டுக்கும் பேரு வச்சிருப்பாரு. இவ சூத்தைப்பல்லி மக, அவன் கொம்பு மடங்கினவன் பேரன்னு வரிசையாச் சொல்வாருன்னு எங்கப்பா சொல்லுவாரு. சொன்னதெல்லாம் சரியான்னு யாரும் சோதிச்சதில்லை. அது அவரு அதிர்ஷ்டம்.

எங்கப்பா கதைதான் வேடிக்கை. ரஜூலா கப்பல்ல பினாங்கு வந்து இறங்கினப்ப அவருக்கு அப்பன் பேரு ஒண்ணு இருந்துச்சு. ரப்பர் தோட்டத்துல செக்ரோல்ல பேரு பதியற கிராணி காதுல அது வேற மாதிரி விழுந்துச்சு. கிராணி எழுதினதுதான் பேரு. அதிலேயே சம்பளம், அதிலேயே கல்யாணம், அதிலேயே சாவு. நான் பிறந்த கதையும் அதுதான். பால் வெட்டு முடிஞ்சு அப்பா போயிப் பதிய ரெண்டு வாரம் ஆச்சு. கிராணிக்கு அன்னிக்கு என்ன தேதி கைக்கு வந்துச்சோ அதுதான் என் சூராட் பெரானாக்குல, அதான் பிறப்புப் பத்திரத்துல, இருக்கு. எழுபத்தஞ்சு வருஷமா தப்பான நாள்ல நீங்க எனக்கு கேக் வெட்டறீங்க, நானும் தின்னுக்கிட்டு இருக்கேன். இந்த நாட்டுல பிறந்து, பத்திரம் சரியில்லாம சிவப்பு அடையாள அட்டையோடயே கிழவியாகிப் போன தோட்டத்துப் பொம்பளைங்க எத்தனை பேரு. உன் செம்மறிக்குட்டி பாக்கியசாலி. மூணு மாசத்துல முத்திரை குத்தின வம்சாவளி.

பதிவேட்டை நான் ஏன் நம்பறதில்லைன்னு இப்போ புரியுதா? வெள்ளைக்காரன் பதிவேட்டையும் இந்த டிஎன்ஏ வச்சுச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. தலைமுறை தலைமுறையா அழகா எழுதி, ஏலத்துல உரக்கப் படிச்ச வம்சாவளியிலயும் அப்பன் பேரு மாறினது அங்கங்கே அகப்பட்டிருக்கு. கிராணி எல்லா ஊர்லயும் இருக்கான்.

இதுல ஒரு பொருத்தம் இருக்கு, கேளு. ஆட்டுக்கு வம்சம் பார்த்துச் சேர்க்கறதை ஒரு வித்தையா ஆக்கினவன் ராபர்ட் பேக்வெல்னு ஒருத்தன். பதினெட்டாம் நூற்றாண்டு. இங்கிலாந்துல லெஸ்டர்ஷயர், டிஷ்லின்னு ஒரு பண்ணை. கிடாவை விக்க மாட்டான், பருவத்துக்கு வாடகைக்கு விடுவான். நம்ம ஊர்ல லாரி வாடகைக்கு விடற மாதிரி. எதை எதோட சேர்த்தான்னு வெளியே மூச்சு விட மாட்டான். அவன் செத்து ரெண்டு நூற்றாண்டு ஆகப்போற சமயம், அதே லெஸ்டர் சீமையில, லெஸ்டர் பல்கலைக்கழகத்துல, 1984 செப்டம்பர் 10, திங்கட்கிழமை காலையில, அலெக் ஜெஃப்ரீஸ்னு ஒரு விஞ்ஞானி ஒரு படச்சுருளை எடுத்துப் பார்த்தாரு. கோடு கோடா ஏதோ தெரிஞ்சுது. ஒவ்வொரு மனுஷனுக்கும் ஒவ்வொரு மாதிரி கோடு, பிள்ளைக்குப் பாதி ஆத்தா கோடு, பாதி அப்பன் கோடு. மரபணு ரேகைன்னு பேரு வச்சாங்க. ரகசியம் காத்தவனும் ரகசியத்தை உடைச்சவரும் ஒரே சீமைக்காரங்க.

நம்மாளுங்களும் சும்மா இல்லை. ஹைதராபாத்துல லால்ஜி சிங்னு ஒரு பெரியவர், கட்டுவிரியன் பாம்போட மரபணுத் துண்டை வச்சுக்கிட்டு மனுஷனோட வம்ச ரேகையைப் படிக்க வழி கண்டுபிடிச்சாரு. ஆமாண்டா, பாம்பு! 1980-களோட கடைசியில கேரளத்துத் தலச்சேரி நீதிமன்றத்துல, நான் அப்பன் இல்லைன்னு சத்தியம் பண்ணின ஒருத்தன்கிட்ட, நீதான் அப்பன்னு ஹைதராபாத் சொல்லிடுச்சு. பாம்பு சாட்சி சொன்னா மறுக்க முடியுமா?

டோலியைக் கேள்விப்பட்டிருப்பே. 1996 ஜூலையில ஸ்காட்லாந்து ராஸ்லின்ல பிறந்துச்சு. அப்பனே கிடையாது. ஃபின் டார்செட் ஆடு ஒண்ணோட மடியிலேர்ந்து எடுத்த ஒரு உயிரணுவை வச்சு உண்டாக்கி, கறுப்புமுக மலையாட்டு வயித்துல வளர்த்தாங்க. கறுப்பு முகத்துக்காரிக்கு வெள்ளை முகத்துப் பிள்ளை. ஊர் சும்மா இருக்குமா? நிஜமா அந்த ஆட்டோட அச்சுத்தானா, வேற உயிரணு எதுவும் கலந்துடுச்சான்னு பெரிய பெரிய விஞ்ஞானிகளே சந்தேகப்பட்டாங்க. ஜெஃப்ரீஸ் கூட்டத்தாரே 1998ல சோதிச்சு, அச்சேதான்னு சொன்னாங்க. இதுல எனக்குப் பிடிச்ச இடம் என்ன தெரியுமா? மடி கொடுத்த ஆடு டோலி பிறக்கறதுக்கு முந்தியே செத்துப் போச்சு. அதோட சதையை உறைய வச்சுப் பத்திரமா எடுத்து வச்சிருந்தாங்க. அதனாலதான் ஒத்துப் பார்க்க முடிஞ்சுது. செத்தவ சாட்சி சொன்னா. இதையும் முடிஞ்சு வச்சுக்கோ. துண்டுல இன்னொரு முனை இருக்கில்ல?

மலையாடு வேணும்னா நீ ஸ்காட்லாந்து வரைக்கும் ஏண்டா போறே? நம்மகிட்டேயே இருக்கே. 2003ல நானும் உன் பாட்டியும் பழனிக்குப் போனோம்ல, அப்போ அப்படியே ஊட்டிக்கு ஏறினோம். உன் பாட்டி குளிர்ல மூணு சேலையைச் சுத்திக்கிட்டு நடந்தா. பைக்காரா போற வழியில சாண்டிநல்லா. தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகத்தோட செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கு. சரிவுல வெள்ளை வெள்ளையா மேஞ்சுது, நீலகிரி ஆடு. தெற்கத்தி ஆட்டுல மெல்லிசான கம்பளி ரோமம் உள்ளது அது ஒண்ணுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டுல வெள்ளைக்காரன் கோயம்புத்தூர் ஆட்டோட டாஸ்மேனியா மெரினோவையும் சவுத்டவுனையும் செவியட்டையும் கலந்துவிட்டதுல உண்டானது. செவியட்டுன்னா எது தெரியுமா? ஸ்காட்லாந்து எல்லைமலை ஆடு. நீ கைப்பேசியில பார்க்கிறவனோட பங்காளி, படுகர் ஊருக்குப் பக்கத்துல நூறு வருஷத்துக்கு மேல மேஞ்சுக்கிட்டு இருக்கான்.

எந்த ரத்தம் எத்தனை பங்குன்னு மட்டும் யாருக்கும் தெரியாது. கலந்த துரைமாருங்க கணக்கு எழுதி வைக்கலை. கப்பல்ல வந்த எங்கப்பன் மாதிரிதான். அதுக்கப்புறம் வந்தவங்க எழுதினாங்க. அந்த நிலையத்துல அப்பன் எண், ஆத்தா எண், பிறந்த எடை, பால் மறந்த எடை எல்லாம் பல பத்தாண்டா ஏடு போட்டு வச்சிருக்காங்க. அதே ஊர்ல மெரினோ எட்டுல அஞ்சு பங்கு, நீலகிரி எட்டுல மூணு பங்குன்னு கலந்து சாண்டினோன்னு ஒண்ணை உண்டாக்கினது, கணக்கு இருந்ததாலதான் அளந்து கலக்க முடிஞ்சுது.

அங்கே அந்த ஏடு எதுக்கு முக்கியம் தெரியுமா? நீலகிரி ஆடு மிச்சம் இருக்கறதே சொற்பம். சின்னக் கூட்டத்துல நாலு வருஷம் ஒரே கிடா இருந்தா, மகளுக்கும் அவனே மாப்பிள்ளை ஆகிடுவான். அப்பனும் மகளும் சேர்ந்தா பிறக்கற குட்டிக்கு, நான் சொன்ன சீட்டுல நாலுல ஒரு பங்கு ரெண்டும் ஒரே சீட்டாப் போயிடும். ஒரே அப்பனுக்கு வேற வேற ஆத்தா வயித்துல பிறந்த அண்ணன் தங்கச்சின்னா எட்டுல ஒண்ணு. எடை குறையும், குட்டி சாகும், ஒளிஞ்சிருந்த கோளாறு வெளியே வரும். நம்ம சனங்க பங்காளி வீட்டுல பொண்ணெடுக்காம, கோத்திரம் பார்த்துத்தானே கல்யாணம் பண்ணினாங்க? ஆட்டுக்குக் கோத்திரம் பார்க்கத்தான் உன் குப்பி. இதுக்குன்னா நான் சிரிக்க மாட்டேன். உன் பதினாலு ஆட்டுக்கு இதுதான் நிஜமான ஆபத்து. ராஜ வம்சம் இல்லை, முறைகெட்ட கல்யாணம்.

இந்த மலாயாவுலயும் செம்மறி புதுசு இல்லை. மாலின்னு உள்ளூர் ஆடு உண்டு, கிழக்குக் கரைப் பக்கம். சின்ன உடம்பு. 1970, 80-கள்ல ரப்பர் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க கித்தா மரத்துக்கடியில செம்மறியை விட்டுப் பார்த்தாங்க. வெள்ளாட்டை விட்டா மரப்பட்டையைக் கடிச்சுடும், செம்மறி புல்லோட நிறுத்திக்கும். களைமருந்துச் செலவு மிச்சம், கறி லாபம். மாலின் ஆட்டோட டார்செட் ஹார்னைக் கலந்து பார்த்தாங்க. அப்புறம் கித்தாவே போயிச் செம்பனை வந்துச்சு. இப்போ எல்லாருக்கும் டார்பர். தென்னாப்பிரிக்காவுல டார்செட் ஹார்னையும் கறுந்தலைப் பெர்ஷியனையும் சேர்த்து, ரெண்டு பேரையும் பாதி பாதி வெட்டி ஒட்டி 'டார்பர்'னு வச்சாங்க. நீயும் ஐயாயிரம் வெள்ளி கொட்டி ஒண்ணு வாங்கி வந்து சுல்தான்னு பேரு வச்சே. அவனுக்குத் தனி விசிறி வேற. எனக்கு அறுபது வருஷம் விசிறி கிடையாது.

குப்பியில அப்பன் பேரு மட்டும் பார்க்காதே, வேற விஷயமும் உண்டு. மகாராஷ்டிரத்துல பல்டன்னு ஒரு ஊரு, அங்கே நிம்ப்கர் குடும்பத்தாரு நடத்தற ஒரு ஆராய்ச்சிக் கழகம். வங்காளத்துச் சுந்தரவனத்துல காரோல்னு பொம்மை மாதிரி ஒரு ஆடு, சேத்துல நின்னு மேயும். ஆனா ரெண்டு, மூணு குட்டி போடும். அதுக்குக் காரணம் ஒரே ஒரு மரபணு. 1792, 93 வாக்குல கல்கத்தாவுலேர்ந்து கப்பல்ல ஆஸ்திரேலியாவுக்குப் போன வங்காள ஆட்டோட அது அங்கே போயி, பூரூலா மெரினோங்கிற ஆட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. 2001லதான் அது இன்னதுன்னு பிடிச்சாங்க. பக்கத்து ஜாவா ஆட்டுலயும் அது இருக்கறது தெரிய வந்துச்சு. பல்டன்காரங்க அந்த மரபணுவைத் தக்காணத்து ஆட்டுக்குள்ள கொண்டு வந்து, எந்தக் குட்டிக்கு வந்திருக்கு, எதுக்கு வரலைன்னு டிஎன்ஏ சோதிச்சே பொறுக்கி, நாரி சுவர்ணான்னு ஒரு ஆட்டை உண்டாக்கித் தங்கர் மேய்ப்பருங்க கையில கொடுத்தாங்க. பருவத்துக்கு வர்றதுக்கு முந்தியே, குட்டி நின்ன இடத்துலயே, இவ பெருகுவாளா மாட்டாளான்னு சொல்லிடுது. அது வித்தை. ஆனா ரெண்டு குட்டிக்கு மடியில பால் வேணும், பாலுக்குத் தீனி வேணும். தீனி போடறவன் ஞாயித்துக்கிழமை மட்டும் பட்டிக்கு வர்ற எஞ்சினியரா இருந்தா, அந்த மரபணு பாவம் என்ன செய்யும்?

இப்போ விஷயத்துக்கு வர்றேன். கிட்டே வா, பாட்டி காதுல விழ வேண்டாம்.

ஸ்காட்லாந்துக்கு மேக்கே கடலுக்குள்ள செயின்ட் கில்டான்னு ஒரு தீவுக்கூட்டம். அங்கே சோயேன்னு ஒரு காட்டுச் செம்மறி, மேய்ப்பன் கிடையாது, வேலி கிடையாது. 1985லேர்ந்து விஞ்ஞானிங்க ஒவ்வொண்ணுக்கும் காதுல வில்லை மாட்டி, டிஎன்ஏ வச்சு வம்சாவளி எழுதிக்கிட்டு வர்றாங்க. நவம்பர்ல பருவம். கொம்பு பெருத்த பெரிய கிடாதான் எல்லாரையும் முட்டித் தள்ளிட்டு எல்லா ஆட்டையும் பிடிச்சுக்கும். அப்போ குட்டியெல்லாம் அவனோடதுதானே இருக்கணும்? ஆரம்பத்துல அப்படித்தான். பருவம் முடியப்போற சமயத்துல கதை மாறுது. பெரியவன் ஓயாம ஓடி ஓடி, ஏறி ஏறி, உள்ளே சரக்குத் தீர்ந்து போறான். ஏறறான், ஆனா ஒண்ணும் இல்லை. அந்த நேரத்துல ஓரமா நின்ன சின்னவன் ரெண்டு பேரு காரியத்தை முடிச்சுட்டுப் போறாங்க. இதை 2001ல எழுதியே வச்சிருக்காங்க, நான் சொல்லலை. அதைவிட, ஒரே வயித்துல ரெண்டு குட்டி, ரெண்டுக்கும் ரெண்டு அப்பன், அதுவும் நடக்குது. ஆடு குந்தி மாதிரி.

உன் சுல்தானும் போன டிசம்பர்லேர்ந்து பதினாலு பேரைத் துரத்திக்கிட்டு இருந்தான். பினாங்கு வெயில்ல, கொழுத்த உடம்போட. ஜனவரி கடைசியில பார்த்தா விசிறி முன்னால படுத்துக்கிட்டு எழுந்திரிக்கவே யோசிச்சான். நீ அதை 'ரெஸ்ட்'டுன்னே.

பதினேழு குட்டியில ஒம்பதுக்கு வயிறு கறுப்பு, கவனிச்சியா? கேட்டதுக்கு, 'தாய் வழியில வந்திருக்கும் தாத்தா'ன்னே. வெள்ளச்சி போட்ட ரெட்டையில ஒண்ணு பால் வெள்ளை, ஒண்ணு அடிவயிறு கரி. அதுவும் தாய் வழியா? ஒரு வயித்துல ரெண்டு தாயா? அந்த ஒம்பதும் எப்போ பிறந்துச்சு? ஜூலை ரெண்டாவது வாரம். செம்மறிக்கு நூத்தம்பது நாள். விரல் விட்டு எண்ணு. ஜூன், மே, ஏப்ரல், மார்ச்... ஆங், பிப்ரவரி. பிப்ரவரியில என்ன? தைப்பூசம். நீ காவடி தூக்கற கூட்டாளிங்களோட தண்ணீர்மலைக்குப் போயி மூணு நாள் வீட்டுக்கு வரலை. பட்டியைப் பார்த்துக்கச் சொல்லி என்கிட்ட சாவியைக் கொடுத்துட்டுப் போனே.

பார்த்துக்கிட்டேன்.

நம்ம கிடா கறுப்பனை உனக்குப் பிடிக்காது. பார்படோஸ் கறுவயிறும் எதுவோவும் கலந்தது, வெளிக்காட்டுல வெட்டின புல்லைத் தின்னு வளர்ந்தது, ஒரு கொம்பு சொட்டை. பத்து வருஷமா என் பட்டியில ஒரு நாள் சுகமில்லைன்னு படுத்ததில்லை அவன் வம்சம். குடல்புழு மருந்து ஊத்தினதில்லை, குளம்பு அழுகினதில்லை. உன் பாட்டி என்னடான்னா, நீ வேலையில சேர்ந்தா முனியாண்டிக்குக் கிடா வெட்டறேன்னு வேண்டிக்கிட்டு, அவனைக் காட்டி நேர்ந்து விட்டுட்டா. ஆடி மாசம் கெடு. சாமி காரியம், நான் என்ன பேச முடியும்? சாமிக்கு அவன் போகட்டும், அவன் பேரு இங்கே நிக்கட்டும்னு நினைச்சேன். தைப்பூசத்தன்னிக்கு ராத்திரி மழை, கொக்கி வழுக்கிடுச்சு. மறுநாளும் வழுக்கிடுச்சு. மூணாவது நாள் நானே எதுக்கும் இருக்கட்டும்னு கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்தே வச்சேன்.

இப்போ உன் குப்பிப் பெட்டியைத் திற. தாயாடு பதினாலு, குட்டி பதினேழு, சுல்தான் ஒண்ணு, மொத்தம் முப்பத்தி ரெண்டு. சரியா எண்ணி வாங்கியிருக்கே. இதை அப்படியே அனுப்பினா என்ன வரும்? துண்டுல முதல்ல முடிஞ்சதை அவிழ். வரிசையில நிக்கறவங்களைத்தான் அது விலக்கும். சுல்தானை விலக்கிடும். ஒம்பது குட்டிக்கு அப்பன் இல்லைன்னு வரும். உடனே நீ ஆய்வுக்கூடத்துக்காரனுக்கு போன் போட்டு, உங்க மிஷின் சரியில்லைன்னு இங்கிலீஷ்ல கத்துவே. அவன் பாவம், அப்பன் சாத்தியமுள்ள எல்லாக் கிடாவோட காதையும் அனுப்பினீங்களா சார்னு பணிவாக் கேப்பான்.

அந்தக் கிடா எங்கேன்னு கேக்கறியா? ஆடியில முனியாண்டி கோயில்ல பந்தி போட்டப்ப நீ மூணாவது தடவை தட்டை நீட்டி, 'தாத்தா, இந்தக் கறி மாதிரி தின்னதே இல்லை'ன்னு எலும்பைக் கடிச்சியே, அவன்தான். ஒம்பது குட்டியும் கிடுகிடுன்னு வளர்றது பார்த்து, இந்த ஜாதிக்கிடா எங்கே கிடைக்கும்னு போன வாரம் நீ தேடிக்கிட்டு இருந்ததும் அவனைத்தான்.

மூஞ்சியைத் தொங்கப் போடாதே. ரெண்டாவது முடிச்சை அவிழ். எழுந்து போயி சமையல்கட்டுல, அடுப்புக்கு மேலே பரண்ல, உப்பு ஜாடிக்குப் பின்னால பாரு. பழைய மைலோ டின்னு ஒண்ணு இருக்கும். மூடி துருப்பிடிச்சிருக்கும், கத்தி வச்சு நெம்பு. வெட்டின அன்னிக்கே அறுத்து, உப்புத் தடவி, வெயில்ல நாலு நாள் காய வச்சு எடுத்து வச்சிருக்கேன். இடது காது. நுனியில என் தாத்தா வெட்டற மாதிரியே ஒரு வெட்டு இருக்கும், அதை மட்டும் நறுக்கிடாதே. பாட்டி கேட்டா கருவாடுன்னு சொல்லு.